அப்பத்தா ஏறி இறங்க ஒரு வண்டி

காட்டூரிலிருந்து என் தங்கை டெலிபோன் செய்தால் இரண்டே காரணம்தான் இருக்கும். ஒன்று, வடகம் போட்டிருப்பாள்; இல்லாவிட்டால் வீட்டில் கட்சி பிரிந்திருக்கும். போன மாதம் வந்த அழைப்பில் வடகத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

"அண்ணா, நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. உங்க மாப்பிள்ளை கார் வாங்கறாராம்."

"நல்ல சமாசாரம்தானே?"

"கார் நல்ல சமாசாரம்தான். ஆளுக்கு ஒண்ணு கேட்கிறாங்களே, அதுதான் கஷ்டம்."

போய் விசாரித்ததில் நிலவரம் இது: மாப்பிள்ளை திருவெறும்பூர் பக்கத்து ஆலை ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் பத்து லட்சத்தை வண்டிக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறார். அவருக்கு டீஸல் வண்டி வேண்டும். என் மருமகன் காலேஜில் படிக்கிறான். அவனுக்குக் கூரையில் கண்ணாடி திறக்கிற வண்டி வேண்டும். தங்கைக்குக் கியர் மாற்றும் தொல்லை இல்லாத வண்டி வேண்டும். ஏனென்றால் ஓட்டப் போவது தான்தான் என்று அவள் முடிவு செய்து விட்டாள். இதை மாப்பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை.

மூவரும் ஒத்துப் போன விஷயம் ஒன்றுதான். வாங்குவது சின்ன எஸ்.யு.வி.யாக இருக்க வேண்டும். தெருவில் நான்கு வீட்டுக்கு ஒன்று நிற்கிறதே, முன்பக்கம் புலி மாதிரியும் பின்பக்கம் பூனை மாதிரியும், அந்த ஜாதி.

ஒன்றுமே கேட்காத ஜீவன் ஒன்று திண்ணையோரம் உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளையின் தாயார், பிள்ளைகளுக்கு அப்பத்தா. வயது 78. வலது முழங்காலுக்கு மாற்று மூட்டு வைத்தாகி விட்டது. இடது முழங்கால் எப்போது வேண்டுமானாலும் வேலை நிறுத்தம் செய்யும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உறவினர் காரில் ஸ்ரீரங்கம் போனார்களாம். மிகவும் தாழ்வான கார். சித்திரை வீதியில் இறங்க வேண்டிய இடத்தில் அப்பத்தாவால் எழுந்திருக்கவே முடியவில்லை. இரண்டு பேர் கைக்கு ஒருவராகப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறார்கள். பூக்கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அப்பத்தா காட்டூரை விட்டு நகரவில்லை. கேட்டால், "பெருமாள் எங்கே போயிடப் போறாரு?" என்று விடுவார். காவேரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். ஆனாலும் இரண்டு வருஷம்.

தங்கை இதை அடுப்படியில் வைத்து என்னிடம் சொன்னாள். நான் தையல் டேப் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக் கொண்டேன்.

முதலில் இந்த வண்டியின் ஜாதகத்தைப் பார்ப்போம். பெயரில் ஜீப் வாசனை அடித்தாலும் இது ஜீப் அல்ல. சின்னக் காரின் அடித்தளத்தின் மேல் உயரமான உடலைக் கட்டியது. இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் முன் சக்கரம் இரண்டுக்குத்தான் விசை போகிறது. சேற்றிலும் மலையிலும் ஏற்றலாம் என்று விளம்பரப் படத்தைப் பார்த்து நம்ப வேண்டாம்.

நீளம் மட்டும் ஏன் எல்லாம் ஒரே மாதிரி? அது அழகு சாஸ்திரம் இல்லை, வரி சாஸ்திரம். 2006-ஆம் வருஷத்து மத்திய பட்ஜெட்டில், 4 மீட்டர் நீளத்துக்கு மேற்படாமல், பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீஸல் என்றால் 1500 சி.சி.க்கு மேற்படாமல் உள்ள கார்களுக்கு எக்சைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். அன்று முதல் கம்பெனிக்காரர்கள் 4 மீட்டருக்குள் எதை எதையெல்லாம் திணிக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். நமது மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013-ல் வந்து இந்த மோகத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது. (2021-ல் அந்தக் கம்பெனி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து விட்டது.) பிறகு 2016-ல் மாருதி பிரெஸ்ஸா, 2017-ல் டாடா நெக்ஸான், 2019-ல் ஹூண்டாய் வென்யூ. மூன்றுமே சொல்லி வைத்தாற் போல் 4 மீட்டருக்குச் சில மில்லிமீட்டர் குறைவு! 2025 செப்டம்பர் 22 முதல் இந்தக் கணக்குக்குள் அடங்கும் வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அடங்காவிட்டால் 40. நம் பழைய அம்பாஸடர் 4 மீட்டர் 30 சென்டிமீட்டருக்கும் மேலே. 2014-ல் அது விடை பெற்றதும் நல்லதுதான். இன்று இருந்தால் பணக்காரர் வரி கட்ட வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் கடைக்குப் போனோம். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். புகழ்ந்தால் காசு வாங்கினேன் என்பீர்கள்; குறை சொன்னால் அவர்கள் கோபித்துக் கொள்வார்கள். மேலே சொன்ன ஜாதிதான் என்பது போதும்.

விற்பனைப் பையன் மரியாதையானவன். வண்டிக்குள் இருக்கும் டெலிவிஷன் திரை எத்தனை அங்குலம், விளக்கு எத்தனை வர்ணத்தில் எரியும் என்று இருபது நிமிஷம் சொன்னான். "தம்பி, தரையிலிருந்து இருக்கை எவ்வளவு உயரம்?" என்று கேட்டேன். பையன் காகிதத்தை முன்னும் பின்னும் புரட்டினான். அதில் அது இல்லை. நான் டேப்பை எடுத்தேன்.

முன் இருக்கை 64 சென்டிமீட்டர். அப்பத்தா வீட்டில் உட்காரும் நாற்காலி 46, கட்டில் 58. அந்தப் பழைய தாழ்வான கார் ஐம்பதைத் தாண்டியிராது. விஷயம் இதில்தான் இருக்கிறது. முழங்கால் பலவீனமானவர்களுக்குத் தாழ்வான இருக்கையிலிருந்து எழுவதுதான் நரகம். மிக உயரமான ஜீப் என்றால் ஏறுவது நரகம். இடுப்பு போய்ப் படுகிற உயரத்தில் இருக்கை இருந்தால், ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், உட்கார்ந்தால் போதும். இந்த வண்டிகளின் உண்மையான பெருமை இது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம். கம்பெனிக்காரர்கள் இதை விளம்பரத்தில் போடுவதே இல்லை. பாலைவனத்தில் ஓட்டுகிறார்கள்.

அப்பத்தாவுக்கு முறையைச் சொன்னேன். இருக்கையை முழுக்கப் பின்னால் தள்ளி விட வேண்டும். முதலில் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று உட்கார வேண்டும். பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். ஒரு காலை உள்ளே வைத்துக் கொண்டு மற்றொரு காலில் தத்தளிப்பதுதான் தப்பு. அப்பத்தா தயங்கினார். பையனைப் பார்த்தார். "நீ அந்தப் பக்கம் திரும்பிக்கப்பா" என்றார். பையன் திரும்பினான். உட்கார்ந்து விட்டார். யாரும் கை கொடுக்கவில்லை.

பின் இருக்கை கதை வேறு. அழகுக்காகக் கூரையைப் பின்னால் சரித்திருக்கிறார்கள். பின் கதவின் மேல் சட்டம் தாழ்ந்து வருகிறது. மாப்பிள்ளைக்கு நெற்றியில் ஒரு இடி. ஜன்னலும் பின்னே போகப் போகக் குறுகி, ரயில் கூஜாவின் வாய் மாதிரி ஆகி விட்டது. இரண்டு பேர் சௌகரியமாக உட்காரலாம். மூன்றாமவர் நடுவில் உட்கார்ந்தால், மதுரை வரை போவதற்குள் உறவு முறியும்.

அடுத்து, "சாலைக்கும் வண்டிக்கும் 200 மில்லிமீட்டர் இடைவெளி சார்!" என்றான் பையன். வாஸ்தவம். ஆனால் அந்தக் கணக்கைப் பல சமயம் காலி வண்டியில் எடுக்கிறார்கள். ஐந்து பேர் ஏறிய பிறகு அளந்து பார்த்தேன்; வாசற்படி ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. அப்போதும் நம் தேவைக்குப் போதும். சாலைப் பொறியாளர்களின் விதிப்படி வேகத் தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக, வழுக்கிக் கொண்டு ஏறி இறங்க வேண்டும். நம் தெருக்களில் ஆளாளுக்குக் கட்டிய செங்குத்துச் சுவர்களுக்குத்தான் இந்த உயரம் வேண்டியிருக்கிறது.

இரண்டு அலங்கார சங்கதிகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். விலை கூடிய மாடலில் பெரிய சக்கரமும் மெல்லிய டயரும் போடுகிறார்கள். பார்க்க அம்சம், பள்ளத்தில் விழுந்தால் முதுகெலும்பு சொல்லும். சின்ன சக்கரமும் தடித்த டயருமே முழங்காலுக்கு நண்பன். மற்றது கூரைக் கண்ணாடி. திருச்சியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற சித்திரை மாதத்தில் தலைக்கு மேல் கண்ணாடி எதற்கு என்று மருமகனைக் கேட்டேன். "மாமா, நைட்ல நட்சத்திரம் பார்க்கலாம்" என்றான். மொட்டை மாடியில் இலவசமாகத் தெரிகிறதே!

மாப்பிள்ளையின் டீஸலுக்கு வருகிறேன். அவர் கணக்கு லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் என்பது. தப்பில்லை, கூட ஓடும். ஆனால் 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு, டீஸல் கார்களின் புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை எரிக்க அது நன்றாகச் சூடாக வேண்டும். அதற்கு வண்டி நெடுஞ்சாலையில் சற்று நேரம் ஒரே ஓட்டமாக ஓட வேண்டும்.

"மாப்பிள்ளை, தினம் எங்கே போவீங்க?"

"காய்கறி வாங்க... டாக்டர் வீடு... எப்பவாவது சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம்."

நாலு கிலோ மீட்டர் போய், நின்று, நாலு கிலோ மீட்டர் திரும்புகிற வண்டியில் அந்தக் கரி எரியாது, அடைத்துக் கொள்ளும், விளக்கு எரியும், மெக்கானிக்கைத் தேட வேண்டும். மாதம் இரண்டு தடவை சென்னை போகிறவருக்கு டீஸல் சரி. காட்டூர் கடைவீதிக்குப் பெட்ரோல் போதும். அவர் ஐந்து நிமிஷம் பேசவில்லை. பிறகு, "பாய்லர்லேயும் இதே கதைதான்" என்றார். ஆலையில் வேலை பார்த்தவரிடம் இது ஒரு சௌகரியம்.

தங்கை ஓட்டிப் பார்த்தாள். தஞ்சாவூர் ரோட்டைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம்; பால்பண்ணைக்கும் துவாக்குடிக்கும் நடுவே அணுகுசாலை வேண்டுமென்று ஜனங்கள் வருஷக் கணக்காகக் கேட்டு வந்த சாலை. தெருவிலிருந்து தலையை நீட்டினால் நேரே நெடுஞ்சாலை. உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் தூரத்து பஸ் நன்றாகத் தெரிகிறது என்றாள். ஆனால் மூக்கு உயர்ந்த வண்டியில் பக்கத்துச் சிறுபிள்ளை தெரியாது. முன் கண்ணாடியின் இரு ஓரத் தூண்களும் தடிமன். திரும்பும்போது ஒரு ஸ்கூட்டரையே மறைத்து விடும். கழுத்தை எட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். கியர் தானே மாறும் ரகங்களில் விலை குறைந்தது மாறும்போது ஒரு சிறு தள்ளாட்டம் தருகிறது, பழகினால் போகும். அவள் நன்றாகவே ஓட்டினாள். மாப்பிள்ளை பின் சீட்டில் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார்.

"பெல்ட்டைப் போடுங்க, மாப்பிள்ளை."

"பின்னாலேயுமா?"

பின்னாலேயும்தான். சட்டப்படியும் வேண்டும், போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். 2022-ல் மும்பை சாலையில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது உயர்ந்த காரில், பின் இருக்கையில், பெல்ட் போடாமல். மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் சோதனையில் 2018-ல் நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இங்கே தயாரான கார்களில் அதுதான் முதல். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம் நாட்டுச் சோதனையே வந்து விட்டது. திரையின் அங்குலத்தைக் கேட்கிற வாயால் இந்த நட்சத்திரத்தையும் கேளுங்கள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் கடைசியாக ஒன்றை அளந்தேன். முதலில் அளந்திருக்க வேண்டியது. வாசல் கேட்! 7 அடி. வண்டி பக்கக் கண்ணாடிகளோடு 2 மீட்டருக்குக் கிட்டத்தட்ட. பக்கத்துக்கு நான்கு விரல்தான் மிச்சம். கண்ணாடிகளை மடக்கினால் நுழையும். சந்தில் ஒரு தடவையில் திரும்பாது. இரண்டாவது தடவை பின்னால் வந்து திருப்ப வேண்டும். கேட்டின் ஒரு தூணை அரை அடி தள்ளிக் கட்டக் கொத்தனாருக்குச் சொல்லி விட்டோம்.

நடு மாடல், பெட்ரோல், தானே மாறும் கியர், கூரைக் கண்ணாடி கிடையாது. உச்ச மாடலுக்கும் இதற்கும் இருந்த இரண்டு லட்சம் பாங்கிலேயே இருக்கிறது. மருமகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வண்டி வந்த வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். தங்கை ஓட்டினாள். முன் சீட்டில் அப்பத்தா. பால்பண்ணை திரும்பி, சஞ்சீவி நகர் தாண்டி, காவேரிப் பாலத்தில் ஏறியபோது, "கண்ணாடியை இறக்கு" என்றார். காற்று வந்தது. சித்திரை வீதியில் நிறுத்தினோம். நான் கதவைத் திறக்க இறங்குவதற்குள் அப்பத்தா இரண்டு காலையும் சேர்த்து வெளியே திருப்பி, எழுந்து நின்று, புடவையைச் சரி செய்து கொண்டிருந்தார்.

"அந்தப் பூக்கடையிலே ரெண்டு முழம் வாங்கு" என்றார். "அதே கடையிலே."