மூட்டைக் கணக்கும் கலோரிக் கணக்கும்

பாரிஸில் 1790-ஐ ஒட்டி நடந்த ஒரு சோதனையின் ஓவியம் இன்றும் இருக்கிறது. அர்மான் செகென் என்ற இளைஞர் முகமூடி மாட்டி உட்கார்ந்திருக்கிறார். மூச்சு குழாய் வழியாகப் போய்வருகிறது. ஒரு காலால் மிதிகட்டையை அழுத்திக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் வேதியியலாளர் லவாய்சியர். ஓரத்து மேசையில் லவாய்சியரின் மனைவி மரி ஆன் குறிப்பெடுக்கிறார். ஓவியத்தை வரைந்தவரும் அவர்தான். தன்னையும் மறக்காமல் வரைந்துகொண்டார்.

செகென் சும்மா இருக்கும்போதும், சாப்பிட்ட பிறகும், குளிரிலும், உழைக்கும்போதும் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கிறார் என்று அளந்தார்கள். உழைப்பில் அது இரண்டு மடங்கைத் தாண்டியது. அந்த உழைப்பை அவர்கள் குறித்த விதத்தைக் கவனிக்க வேண்டும்: இத்தனை ராத்தல் எடையை, இத்தனை நிமிடத்தில், இத்தனை அடி உயரத்துக்குத் தூக்கியதற்குச் சமம். ஆக, உழைக்கும் உடலின் செலவை அளக்கத் தொடங்கிய நாளிலேயே அளவுகோல் எடை தூக்குவதுதான்.

லவாய்சியர் எண்களோடு நிற்கவில்லை. கையால் உழைப்பவன் உடல்தான் அதிகம் எரிகிறது, அதிகம் உண்ண வேண்டியவனும் அவன்தான். அப்படியிருக்க, தேவையில்லாதவன் வீட்டில் உணவு குவிந்து கிடப்பது எப்படி என்று இந்தச் சோதனைகளைப் பற்றிய கட்டுரையிலேயே கேட்டார். புரட்சி வெடித்திருந்த காலம். கேட்டவரோ அரசனுக்காக வரி வசூலித்துப் பணம் சேர்த்தவர்களில் ஒருவர். 1794 மே 8 அன்று அவர் தலை போனது அதற்காகத்தான். ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி.

இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் அந்தக் கேள்வி தலைகீழாக நிற்கிறது. “மாஸ்டர், இன்னிக்கு எவ்வளவு எரிஞ்சிருக்கும்?” ஒரு மணி நேரம் பார்பெல் தூக்கிவிட்டு மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறவருக்கு அது 180 கலோரி என்று காட்டினால் முகம் சுருங்கிப்போகிறது. பக்கத்தில் ட்ரெட்மில்லில் ஓடியவருக்கு 500. அடுத்த வாரம் இவரும் ட்ரெட்மில்லில் நிற்கிறார். இன்னொரு வகையினர் உண்டு: அந்த 180-ஐ வரவில் வைத்து, வீட்டுக்குப் போகிற வழியில் இரண்டு வடை செலவெழுதுகிறவர்கள்.

எடைப் பயிற்சியில் எரியும் கலோரியை எண்ணவே வேண்டாம் என்பது நம் கருத்து. கலோரி பொய் என்று சொல்லவில்லை. அது வேறொரு காரியத்துக்காகப் பிறந்த எண்.

கலோரி என்ற சொல்லே 1820-களை ஒட்டிப் பாரிஸில் நிக்கொலா கிளெமான் நீராவி எந்திரங்களைப் பற்றி நடத்திய வகுப்புகளில் புழங்கியது. அதை மனிதனின் தட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் வில்பர் அட்வாட்டர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் ஒரு நிலவறையில், 1890-களில் செம்புத் தகடு அடித்த ஒரு அறையைக் கட்டினார். சுமார் 7 அடி நீளம், 4 அடி அகலம். அறை என்பதைவிடப் பெட்டி என்றே சொல்லலாம். அதற்குள் ஒருவர் நாட்கணக்கில் இருப்பார். படுக்க இடம், ஒரு மேசை, சில சோதனைகளில் மிதிக்க ஒரு நிலைச் சைக்கிள். சாப்பாடு சின்னத் திறப்பு வழியாக உள்ளே போகும். உடல் விடும் வெப்பத்தைக் குழாயில் ஓடும் தண்ணீர் ஏந்தி வெளியே கொண்டுவரும். உள்ளே போன சாப்பாட்டுக்கும் வெளியே வந்த வெப்பத்துக்கும் வேலைக்கும் கணக்கு நேராயிற்று. மாவுச்சத்து கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 என்று இன்று பிஸ்கட் பொட்டலத்தின் முதுகில் நாம் படிப்பது அவர் கணக்கின் வாரிசு. அட்வாட்டரின் கவலை தொழிலாளி வீட்டுச் செலவு. குறைந்த காசில் உழைப்புக்குப் போதுமான உணவை எப்படி வாங்குவது என்று பத்திரிகைகளில் எழுதினார்.

அந்தக் கணக்கு நம் நீலகிரி மலை ஏறியது. குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வு நிலையத்தை 1935 முதல் நடத்திய வாலஸ் அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்து மதிப்பைப் பட்டியலிட்டு 1937-ல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். நம்மூர் தானியத்துக்கும் பருப்புக்கும் கீரைக்கும் கலோரி எழுதிய பட்டியல்களுக்கு மூலவேர் அது. நிலையம் பிறகு ஹைதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. அய்க்ராய்ட் வங்கப் பஞ்சத்தை விசாரித்த ஆணையத்தில் உறுப்பினர். பஞ்சத்தைப் பார்த்தவருக்குக் கலோரி என்பது போதவில்லையே என்று எண்ணுகிற எண். கழிந்ததே என்று மகிழ்கிற எண்ணாக அது இருந்திருக்க வழியில்லை.

வரலாறு போகட்டும், எடை தூக்குவதில் அந்த எண் எவ்வளவு சொல்கிறது? நூறு கிலோவைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயர்த்தினால் செய்த வேலை 490 ஜூல். சாப்பாட்டுக் கணக்கில் நாம் கலோரி என்று சொல்லும் ஒன்று 4184 ஜூல். தசை தான் எரிப்பதில் நாலில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் வேலையாக மாற்றும்; மிச்சம் சூடாகப் போகும். அதையும் சேர்த்தால் ஒரு தூக்குக்கு ஏறத்தாழ அரைக் கலோரி. பத்துப் பத்தாக ஐந்து செட் போட்டால் முப்பதை எட்டுவது சந்தேகம். ஒரு இட்லிக்குக்கூடக் காணாது! உண்மையில் செலவு இதைவிட அதிகம்தான். முதுகும் வயிறும் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டும், இதயம் அடிக்க வேண்டும், செட்டுக்கு இடையில் மூச்சு வாங்க வேண்டும். ஆனால் அந்த அதிகம் எவ்வளவு என்பதில்தான் வம்பு.

தூக்கியதை இறக்கவும் வேண்டுமே. இயற்பியலில் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தால் பூஜ்யம். தசைக்கு அப்படி இல்லை. 1952-ல் இங்கிலாந்தில் ஆபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவர், தன் பெடல் பின்னோக்கிச் சுழல்வதை எதிர்த்துக் காலை ஊன்றுவார். இருவர் கால்களிலும் ஒரே விசை, ஒரே வேகம். மிதிப்பவரின் தசை சுருங்கி வேலை செய்கிறது. எதிர்ப்பவரின் தசை இழுபட்டு நீண்டபடியே வேலை செய்கிறது, எடையை மெல்ல இறக்கும்போது நடப்பதுபோல. ராயல் சொசைட்டியில் இதைக் காட்டியபோது எதிர்த்து ஊன்றியவர் சிறிய உடல்வாகு கொண்ட பெண். மிதித்தவர் வாட்டசாட்டமான ஆண். அந்த ஆண் களைத்துப் போனார், அந்தப் பெண் அலட்டிக்கொள்ளவில்லை. கூட்டம் ரசித்தது என்கிறார்கள்; நாமும் ரசித்திருப்போம். அளந்தபோது மிதித்தவரின் ஆக்சிஜன் செலவு எதிர்த்தவருடையதைப் போலப் பல மடங்கு.

எடைப் பயிற்சிக்கு இதன் பொருள் பெரிது. இறக்குவது கலோரிக் கணக்கில் மிக மலிவு. ஆனால் மறுநாள் தொடை கடுகடுவென்று வலிப்பது பெரும்பாலும் அந்த இறக்கத்தால்தான். தசை வளர்வதிலும் அதற்கு நல்ல பங்கு. கலோரியை மட்டும் பார்க்கிறவருக்கு, கம்பியைத் ‘தொப்’பென்று போட்டுவிட்டு அடுத்த தூக்குக்குப் போவது லாபமாகத் தோன்றும். எந்த மாஸ்டரும் அதை ஒப்ப மாட்டார்.

கடிகாரம் என்ன செய்கிறது? நாடியை எண்ணி, அதிலிருந்து செலவை ஊகிக்கிறது. ஓட்டத்தில் நாடியும் ஆக்சிஜனும் கிட்டத்தட்டக் கைகோத்து ஏறும். மூச்சை அடக்கிக் கம்பியை நெம்பும்போது நாடி எகிறும், ஆக்சிஜன் அந்த அளவுக்கு ஏறாது. முப்பது நொடியில் செட் முடிந்துவிடும். உடல் கடனை அடைப்பது அதற்குப் பிறகு, உட்கார்ந்திருக்கும்போது. நோபல் பரிசு பெற்ற ஏ.வி. ஹில் இதற்கு வைத்த பெயரே ஆக்சிஜன் கடன். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு மணிக்கட்டுக் கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். நாடியை ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்குள் சரியாகச் சொல்லின. கலோரியில் ஒன்றும் தேறவில்லை. மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93. அதுவும் நடை, ஓட்டம், சைக்கிள் என்று கருவிக்கு வசதியான பயிற்சிகளில். பார்பெல்லை அவர்கள் தொடவே இல்லை.

கருவி வேண்டாம், அட்டவணையைப் பார்க்கிறேன் என்பவர்கள் உண்டு. 1993-ல் பார்பரா ஐன்ஸ்வொர்த்தும் சகாக்களும் தொகுத்த உடலியக்கப் பட்டியலிலிருந்து வருவது அது. எட்டு முதல் பதினைந்து முறை தூக்கும் சாதாரணப் பயிற்சி, ஓய்வுநிலைச் செலவைப் போல மூன்றரை மடங்கு என்கிறது 2011-ன் பதிப்பு. எழுபது கிலோ ஆளுக்கு மணிக்கு 245. இதில் 70, அவர் வீட்டில் சாய்ந்து கிடந்தாலும் எரிந்திருக்கும். பலர் அதைக் கழிப்பதில்லை. ஆயிரக்கணக்கானவர்களிடம் கருத்தாய்வு நடத்தும்போது பதில்களை வகைப்படுத்தவே அந்தப் பட்டியல், தனி ஒருவரின் துல்லியச் செலவுக்கு அல்ல என்று தொகுத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இதைவிட மோசம் இரட்டைக் கணக்கு. நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 அறிக்கைப்படி 65 கிலோ ஆணுக்கு உட்கார்ந்த வேலையென்றால் நாளுக்கு 2110, நடுத்தர உழைப்பென்றால் 2710. வாரம் நாலு நாள் ஜிம்முக்குப் போகிறேனே என்று 2710-ஐ எடுத்துக்கொள்வார்கள். பிறகு பயிற்சி நாளில் அதன்மேல் 245-ஐயும் கூட்டுவார்கள். பயிற்சி போக மிச்ச நேரமெல்லாம் நாற்காலியில் இருப்பவர் நடுத்தர உழைப்பாளியே இல்லை என்பது தனி வழக்கு.

உடலும் நாம் எழுதும் பேரேட்டை மதிப்பதில்லை. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் அன்றாடச் செலவை ஹெர்மன் பொன்ட்ஸரின் குழு அளந்து 2012-ல் வெளியிட்டது. நாளெல்லாம் நடக்கிற அவர்களும், நாற்காலி நகரத்து அமெரிக்கர்களும், உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், ஏறத்தாழ ஒரே அளவு எரித்தார்கள். ஓரிடத்தில் கூடினால் உடல் இன்னோரிடத்தில் சிக்கனம் பிடிக்கிறது என்பது பொன்ட்ஸரின் விளக்கம். இதில் விவாதம் ஓயவில்லை. ஆனால் பயிற்சியில் போன 200 அப்படியே நாள் கணக்கிலும் கூடும் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

தசை கூடினால் தூங்கும்போதும் எரியுமே என்பார்கள். எரியும்: ஒரு கிலோ தசை சும்மா இருக்கையில் ஒரு நாளில் சுமார் 13 கலோரி.

எடை தூக்கியவர்கள் எப்போதும் வேறு ஒன்றைத்தான் எண்ணினார்கள். தென்மாவட்ட ஊர்களில் இளவட்டக்கல்லை முழங்காலுக்கு ஏற்றினானா, நெஞ்சுக்கு ஏற்றினானா, தோளுக்குப் பின்னால் போட்டானா என்பதே கேள்வி. கர்லாக்கட்டைக்காரருக்குச் சுற்று, தண்டாலுக்கு எண்ணிக்கை. இரண்டாம் உலகப் போரில் கால் நொறுங்கி வந்த சிப்பாய்களைச் சிகாகோ ராணுவ மருத்துவமனையில் எடை தூக்கவைத்துத் தேற்றிய மருத்துவர் தாமஸ் டிலார்ம் 1945-ல் எழுதிய கட்டுரையும் அப்படித்தான்: எவ்வளவு எடை, எத்தனை முறை, அடுத்த வாரம் எவ்வளவு கூடுதல். 1990-ல் பாஸ்டனில் மரியா ஃபியாடரோனி தொண்ணூறு வயதை ஒட்டிய பத்து முதியோருக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். முடித்தவர்கள் ஒன்பது பேர். அவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அந்த எட்டு வாரத்தில் அவர்கள் எரித்த கலோரியைச் சொல்லி யாரும் அந்த ஆய்வை நினைவில் வைத்திருக்கவில்லை.

எடைப் பிரிவுக்குள் நிற்க வேண்டிய மல்யுத்த வீரரோ, போட்டிக்கு முன் மேனியை வற்றவைக்கும் ஆணழகனோ கலோரியைப் பார்த்தே ஆகவேண்டும். அவர்கள்கூடப் பார்ப்பது தட்டில் விழுவதையும், வாரக் கடைசியில் தராசு காட்டுவதையும். உடல் இளைக்கும்போது தசை கரையாமல் காப்பதற்கே அவர்களுக்குப் பார்பெல். மற்றவர்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும். போன வாரம் 60 கிலோ எட்டு முறை, இந்த வாரம் ஒன்பது.

அதே 2020 அறிக்கையில் மூன்றாவதாக ஒரு வரி இருக்கிறது: கடும் உழைப்பு, 3470. கோயம்பேட்டில் விடியலுக்கு முன் லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்குபவர் அந்த வரிக்காரர். லவாய்சியர் கேட்டது அவரைப் பற்றித்தான். எவ்வளவு எரிந்தது என்று நாம் போய்க் கேட்டால் அவர் மூட்டைக் கணக்கைச் சொல்வார். கூலி மூட்டைக்குத்தான்.