நிர்வாகச் செலவு என்ன பாவமா?

"எங்களிடம் நிர்வாகச் செலவே கிடையாது. நீங்கள் தரும் ஒவ்வொரு ரூபாயும் அப்படியே ஏழைக்குப் போய்ச் சேரும்."

நன்கொடை கேட்டு வரும் தொண்டு நிறுவனத்தின் நோட்டீசில் இந்த வாசகத்தைக் கண்டதும் என் வயதுக்காரர்கள் உருகிவிடுகிறார்கள். பென்ஷன் பணத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். எனக்கோ அந்த வாசகத்தைப் படித்ததும்தான் சந்தேகமே வருகிறது.

ரசீதும் பேரேடுமாகக் காலம் தள்ளி ஓய்வுபெற்ற குமாஸ்தா நான். ரசீது போட ஓர் ஆள் வேண்டும். கணக்கு எழுத ஓர் ஆள் வேண்டும். உதவி பெற்றவர் வீட்டுக்குப் போய் நிலைமை என்னவென்று பார்த்துவர ஓர் ஆள் வேண்டும். தணிக்கையாளர் சும்மா கையெழுத்துப் போடமாட்டார். இதற்கெல்லாம் செலவே இல்லை என்றால், ஒன்று, வேறு யாரோ அதை ஏற்கிறார்கள். இரண்டு, வேறு தலைப்பில் ஒளித்திருக்கிறார்கள். மூன்று, கணக்கே எழுதவில்லை. இதில் எது என்று கேட்டீர்களா?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த புதுவைக்காரர்களுக்கு '1901-ஆம் ஆண்டுச் சட்டம்' என்றால் புரியும். பிரான்சில் சங்கங்களுக்கு அடிப்படையே அந்தச் சட்டம்தான். லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் நோக்கம் கூடாது என்பதே அதன் சாரம். சம்பளம் கொடுக்கக் கூடாது என்றோ, பணமே புழங்கக் கூடாது என்றோ அது சொல்லவில்லை. நம் ஊரில்தான் லாப நோக்கமற்றது என்றால் கந்தல் கட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டும் என்று நினைக்கிறோம்.

அரசின் பார்வையும் அப்படித்தான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-இல் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆக்கினார்கள். அரிசி மூட்டை கொடுப்பதற்கும் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்துவதற்கும் ஒரே அளவுகோலா?

2004 சுனாமியை நினைத்துப் பாருங்கள். லாரி லாரியாகப் பழைய துணி வந்து, எடுக்க ஆளில்லாமல் நாகை சாலையோரங்களில் குவிந்து கிடந்தது. சில இடங்களில் தேவைக்கு மேல் படகுகள் வந்து சேர்ந்தன. முதலில் நாலு பேரை அனுப்பி மீனவர்களிடமே கேட்டிருந்தால் துணியும் மிச்சம், காசும் மிச்சம். ஆனால் அந்த நாலு பேரின் சம்பளம் நிர்வாகச் செலவு அல்லவா!

மறுபக்கம் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கினார். 2003-இல் நம் தவளக்குப்பத்துக்கும் வந்தது. கட்ட முடிந்தவர் கட்டுகிறார், முடியாதவருக்கு இலவசம். அங்கே சம்பளம் உண்டு, பதிவேடு உண்டு. எத்தனை அறுவை சிகிச்சை செய்தோம் என்பதோடு நிற்காமல், எத்தனை பேருக்குப் பின்னால் சிக்கல் வந்தது என்றும் கணக்கெடுக்கிறார்கள். மதிப்பிடுவது என்றால் இதுதான்.

எனவே நன்கொடை கேட்டு வருபவரிடம் விழுக்காட்டைக் கேட்காதீர்கள். இவற்றைக் கேளுங்கள்:

எதைச் செய்வதாகச் சொன்னீர்கள், அதில் எது நடக்கவில்லை? எல்லாமே வெற்றி என்பவரை நம்பாதீர்கள்.

மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் காட்ட முடியுமா?

நிர்வாகக் குழுவில் குடும்பத்தார் எத்தனை பேர்? அலுவலக வாடகை யாருக்குப் போகிறது?

உதவி பெறுகிறவர் குறை சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் சொல்வார்?

80ஜி இருக்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். அது கொடுப்பவருக்கான வரிச்சலுகை. வேலையின் தரத்துக்குக் குத்திய முத்திரை அல்ல.

ரசீது கேட்டு வாங்குங்கள். அதை எழுதியவருக்கு மாதச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.