தாலந்தைப் புதைத்த மூன்றாவது ஆள்

எங்கள் சபையில் மாதத்தில் ஒரு ஞாயிறு சாட்சி சொல்லும் நேரம் உண்டு. தொழில் தொடங்கியவர்கள் எழுந்து, ஜெபித்தேன், கர்த்தர் வாசலைத் திறந்தார் என்று சொல்வார்கள். நாங்கள் கை தட்டுவோம். ஜெபித்துத் தொடங்கிய கடையைப் பிறகு பூட்டியவர் யாரும் அந்த மைக்கைப் பிடித்து நான் பார்த்ததில்லை. அப்படி ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

லண்டனில் அப்பாவின் பலசரக்குக் கடை மூடியபோது எனக்குப் பதினொரு வயது. சீட்டுக் காசில் தொடங்கிய கடை. அது போன பிறகு அப்பா பல மாதங்கள் சபைக்கு வரவில்லை. அவருக்குக் கடன் கொடுத்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். காசு போனதை அவர் தாங்கிக்கொண்டார். அந்த முகங்களைப் பார்ப்பதுதான் அவருக்கு முடியாமல் இருந்தது.

பல வருடம் கழித்து, சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழில் ஒன்றைத் தொடங்க நினைத்தேன். இணையதளத்துக்கு ஒரு பெயரைக் காசு கட்டி வாங்கிவிட்டு, இரண்டு வருடம் சும்மா வைத்திருந்தேன். யாராவது கேட்டால், "இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்" என்பேன். உண்மையில் நான் ஜெபிக்கவில்லை. பயந்துகொண்டிருந்தேன்.

என்னைப் போன்றவர்களுக்குச் சபையில் கிடைக்கும் வழக்கமான பதில், விசுவாசம் இருந்தால் பயம் வராது என்பது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கொரிந்து பட்டணத்தில் பவுல் கூடாரம் செய்யும் தொழில் செய்கிறார். அதே அதிகாரத்தில், அதே ஊரில், பயப்படாதே என்று கர்த்தர் அவருக்கு இரவில் தரிசனத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஊருக்குத் தான் நடுக்கத்தோடுதான் வந்ததாகப் பவுலே பின்னர் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அவரோடு வேலை செய்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் யார்? யூதர்கள் எல்லோரும் ரோமை விட்டுப் போகவேண்டும் என்று பேரரசன் கிலவுதியு போட்ட கட்டளையால் துரத்தப்பட்டு, வேறு ஊரில் அதே தொழிலை மறுபடி தொடங்கியவர்கள். நம் அம்மா அப்பாக்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

இப்போது தாலந்து உவமைக்கு வருவோம். ஒரு தாலந்து என்பது ஒரு கூலியாளின் ஏறக்குறைய 6,000 நாள் சம்பளம். கிட்டத்தட்ட 20 வருட உழைப்பு. அவ்வளவு காசு கையில் வந்தால் யாருக்கும் பயம் வரும். மூன்றாவது ஆளின் பிழை பயந்தது அல்ல என்றுதான் நினைக்கிறேன். எஜமான் இரக்கமில்லாதவர் என்று அவன் தானே முடிவெடுத்து, யாரிடமும் கேட்காமல், தனியாகப் போய்க் குழி தோண்டினான். பெரிய வியாபாரம் செய்திருக்க வேண்டும் என்றுகூட எஜமான் கேட்கவில்லை. வட்டிக்காவது கொடுத்திருக்கலாமே என்றுதான் கேட்கிறார்.

நட்டப்பட்டால் கடவுளும் கைவிடுவார், சபையும் சிரிக்கும் என்று நினைத்தால் நீங்களும் குழிதான் தோண்டுவீர்கள். நான் இரண்டு வருடம் தோண்டினேன்.

ஆனால் எல்லாப் பயத்தையும் தூக்கி எறியவும் கூடாது. 1861இல் பர்மிங்காமில் ரிச்சர்ட், ஜோர்ஜ் கட்பரி என்ற சகோதரர்கள் தகப்பனின் நொடிந்துபோன கொக்கோத் தொழிலைக் கையில் எடுத்தார்கள். குவேக்கர் கிறிஸ்தவர்கள், மூத்தவருக்கு 25 வயது, இளையவருக்கு 21. தாயின் வழியாக வந்த பணத்தை அதில் போட்டார்கள். முதல் வருடங்கள் நட்டத்திலேயே போயின. அந்தக் காலத்துக் குவேக்கர் சபையில் கடனைத் தீர்க்க முடியாமல் போவது சின்ன விஷயம் அல்ல. அதற்காகச் சபையை விட்டே நீக்குவார்கள். அதே சபையில், ஒருவரின் தொழில் ஆட்டம் கண்டால் மூத்தவர்கள் போய்க் கணக்கைப் பார்த்து ஆலோசனை சொல்லும் வழக்கமும் இருந்தது. நீக்கும் வழக்கம் நமக்கு வேண்டாம். கணக்கைக் காட்டும் வழக்கம் வேண்டும்.

பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். தனிநபராகத் தொழில் செய்து ஒரு வரி ஆண்டில் வரும் மொத்த வரவு 1,000 பவுணுக்குள் இருந்தால், பொதுவாக அதற்காக வரிப் பதிவு செய்யத் தேவையில்லை. ஆகவே சின்னதாகச் செய்து பார்க்க இடம் இருக்கிறது. லிமிடெட் கம்பனி என்றால் நட்டம் பொதுவாகக் கம்பனியோடு நிற்கும். ஆனால் வங்கிக் கடனுக்கு நீங்களே பொறுப்பு என்று தனியாகக் கையெழுத்து வைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அம்மா அப்பாவின் வீட்டை ஈடு வைக்கச் சொல்லும்போது வரும் பயம் நல்ல பயம். அதைக் கேளுங்கள். "ஆட்கள் என்ன சொல்லுவினம்" என்ற பயத்துக்கு மட்டும் காது கொடுக்காதீர்கள்.

நமது சபைகளிடமும் ஒன்று கேட்கிறேன். வென்றவர்களின் சாட்சியோடு, தோற்றவர்களையும் ஒரு ஞாயிறு பேச விடுங்கள். கடை போன பிறகும் கர்த்தர் கூட இருந்தார் என்று ஒருவர் சொல்லக் கேட்டிருந்தால் எனக்கு அந்த இரண்டு வருடம் மிஞ்சியிருக்கும்.

கடைசியில் நான் செய்தது இவ்வளவுதான். எவ்வளவு காசு போடுவேன், எத்தனை மாதம் பார்ப்பேன், எந்த இடத்தில் நிறுத்துவேன் என்று ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். பிறகு பேனையை வாங்கி, "இன்சூரன்ஸை விட்டிட்டாய் பிள்ளை" என்று சொல்லி, கீழே இன்னொரு வரி எழுதினார்.