சலானில் யார் பெயர்?

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜிஎஸ்டி சாலையை விட்டு ஒரகடம் பக்கம் திரும்பினால் லாரி லாரியாக நிற்கும். சோதனை என்றால் டிரைவரை இறக்கி, பேப்பரை வாங்கி, சலான் போடுவதுதான். சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரேக் பிடிக்காத லாரிக்குப் பலியாவது ஷிப்ட் முடித்து வரும் ஒப்பந்தத் தொழிலாளியும்தான்.

ஆனால் சட்டத்தை முழுசாகப் படிப்போம். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, ஓட்ட வைப்பவர், ஓட்ட அனுமதிப்பவர் எல்லோருக்கும். டிரைவர் உரிமையாளராக இல்லாவிட்டால், உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்ததாக நீதிமன்றம் கருதலாம் என்றும் 113ஆம் பிரிவில் இருக்கிறது. பிறகு ஏன் விசாரணை ஸ்டியரிங்கோடு நின்றுவிடுகிறது? ஸ்டியரிங் பிடிப்பவர் சேரியிலிருந்தும், டிரான்ஸ்போர்ட் முதலாளி ஊரிலிருந்தும் வருவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

அண்ணல் அம்பேத்கர் 1946இல் கொண்டுவந்த திருத்தம் ஆலைத் தொழிலாளியின் வாரத்தை 54 மணியிலிருந்து 48 ஆக்கியது. மோட்டார் தொழிலாளிக்கு அந்த 48 மணி, 1961இல்தான் தனிச் சட்டமாக வந்தது. இன்றும் சாலையில் பாரத்தை எடை போடுகிறோம். டிரைவர் எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை என்று கேட்பதில்லை.

லாரி உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் கம்பெனி கேட்டில் பதிவாகிறது. போக்குவரத்து அதிகாரிகள் அந்தப் பதிவேட்டைக் கேட்கட்டும். சரக்கு ஏற்றச் சொன்னவர் பெயரையும் சலானில் எழுதட்டும்.