உறுதி இல்லாக் காணியில் எமது வணிகம்

பலேர்மோ துறைமுகத்திற்கு வரும் நேப்பிள்ஸ் கப்பலும் ஜெனோவாக் கப்பலும் எந்தத் துறையில் கட்டப்படவேண்டும் என்பதனைத் தீர்மானிப்போர் துறைமுக அதிகாரிகள். வாசலில் சிற்றுண்டிக் கடை நடத்துபவரின் சம்மதத்தை எவரும் கேட்பதில்லை. துறை மாறினால் பயணிகள் வேறு வாசலால் வெளியேறுவர். கடை அங்கேயே இருக்கும், ஆட்கள் வரமாட்டார்கள். முகநூற் பக்கத்தை நம்பி வணிகம் செய்யும் எம்மவரின் நிலையும் இதுவே.

பலசரக்குக் கடை, வீட்டிலிருந்து செய்யப்படும் பலகாரம், பிறந்தநாட் கேக், தையல், மணப்பெண் அலங்காரம் என எம்மவர் தொழில்கள் பலவற்றிற்கு இன்று முகநூலும் இன்ஸ்டகிராமுமே பெயர்ப்பலகை. செலவில்லாத விளம்பரம் என்பதே இதற்குக் காரணம். ஆனால் அப்பலகையை யார் பார்க்கவேண்டும் என்பதை முடிவு செய்பவர் கடைக்காரர் அல்லர்.

வணிகப் பக்கங்களை முகநூல் 2007 இல் தொடங்கியது. ஒரு பக்கத்தின் பதிவு, அதனைப் பின்தொடர்வோரில் சராசரியாக 16 வீதத்தினரையே சென்றடைகின்றது என 2012 இல் அந்நிறுவனமே கூறியது. நண்பர், உறவினர் பதிவுகளுக்கே முதலிடம், வணிக நிறுவனங்களின் பதிவுகள் குறைவாகவே காட்டப்படும் என 2018 ஜனவரியில் மார்க் சுக்கர்பேர்க் அறிவித்தார். நோக்கம் எதுவாயினும் விளைவு ஒன்றே: இலவசமாகச் சென்றடைவது குறையக் குறைய, காசு கொடுத்து விளம்பரம் செய்யவேண்டிய தேவை கூடுகின்றது. பெரிய நிறுவனம் கொடுக்கும்; வீட்டு அடுப்பில் முறுக்குச் சுடும் தாய் எங்கே போவாள்?

2021 ஒக்டோபர் 4 ஆம் நாள் முகநூல், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. மூன்றும் ஒரே நிறுவனத்தின் உடைமை. ஒன்று போனால் மற்றொன்று உண்டு என்பது அன்று பொய்த்தது. கனடாவில் புதிய செய்திச் சட்டம் தொடர்பான பிணக்கினால், 2023 ஓகஸ்டில் செய்தி நிறுவனங்களின் பக்கங்கள் மொழி வேறுபாடின்றி மறைக்கப்பட்டன.

தொழில் வருமானத்தைக் காட்டி வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் குடும்பங்கள் எம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒரு மாத வியாபாரம் படுத்துவிடுவது சிறிய விடயமன்று.

முகநூலை விட்டு விலகுங்கள் என நாம் கூறவில்லை. ஊரில் உறுதி இல்லாக் காணியில் எவரும் கல்வீடு கட்டுவதில்லை, கொட்டில் போடலாம். அவ்வளவே. வாடிக்கையாளரின் சம்மதத்துடன் அவர்தம் தொலைபேசி இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். ஒவ்வொரு பொதியிலும் கடையின் முகவரியையும் இலக்கத்தையும் அச்சிட்டுக் கொடுப்போம். கோவில், தேவாலய, பாடசாலை அறிவித்தற் பலகைகளை மறவாதிருப்போம்.

இன்னொன்றையும் அறிந்துகொள்வோம். 2024 பெப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின்படி, விதிமீறல் என்று கூறி ஒரு பக்கத்தை முடக்கினால் அந்நிறுவனம் காரணம் கூறவேண்டும். கட்டணமின்றி முறையிடவும் வழி செய்யவேண்டும். மொழி தெரியாது என வாளாவிருத்தல் வேண்டாம். இத்தாலிய மொழியில் கற்கும் எம் பிள்ளைகள் அம்முறைப்பாட்டை எழுதித் தருவார்கள். அவர்களைக் கேட்போம்.