வெள்ளையடிக்குமுன் அளந்துவிடுங்கள்

1959ஆம் வருஷம் டிசம்பர் 2ஆம் தேதி இரவு, பிரான்ஸ் தேசத்தின் தென்கோடியில் மால்பாஸே அணை உடைந்து, ரேரான் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே பாய்ந்த பிரவாகம் ஃப்ரேஷூஸ் நகரத்தில் புகுந்து 400க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்தத் துயரத்துக்குப் பின் போலீஸார் இரு கரைகளிலும் வெள்ளம் ஏறிய உயரத்தை இடத்துக்கு இடம் அளந்து குறித்துவைத்தார்கள். வழியிலிருந்த மூன்று மின்மாற்றிகள் எந்த நேரத்தில் நின்றுபோயின என்பதும் தெரியவந்தது. 1964இல் அந்த நிலப்பரப்பையே 400இல் ஒரு பங்காகச் சுருக்கி மாதிரி அமைத்து, அதில் நீர் விட்டும் சோதித்தார்கள். மேடுபள்ளமான பூமியில் வெள்ளம் ஓடும் விதத்தைக் கணிப்பொறியில் கணக்கிட முயல்பவர்கள், தங்கள் அனுமானம் உண்மைக்கு ஒத்ததா என்று உரைத்துப் பார்க்க இன்றும் அந்தப் பதிவுகளைத்தான் நாடுகிறார்கள்.

கணக்கின் சாஸ்திரம் புதிதன்று. ஆற்றில் கணத்துக்குக் கணம் மாறி ஓடும் நீரின் ஆழத்தையும் வேகத்தையும் பிணைக்கும் சமன்பாடுகளை சேன்-வெனான் என்ற பிரெஞ்சுப் பொறியியல் அறிஞர் 1871இலேயே வகுத்துவிட்டார். நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் புகும் நீரையும் வெளியேறும் நீரையும் கூட்டிக் கழிப்பது கணிப்பொறியின் வேலை. சங்கடம் நகரத்துக்குள் நுழைந்தபின்தான் ஆரம்பமாகிறது. கட்டம் 30 மீட்டர் அகலமானால், தெருவும் அதன் இருபுறத்து வீடுகளும் மதிற்சுவர்களும் ஒரே சராசரி உயரத்தில் கரைந்துபோக, தெருவே இல்லாத ஓர் ஊருக்குள் கணக்கு வெள்ளத்தை விடுகிறது.

சென்னையோ கடலை நோக்கி மிக மெல்லச் சரியும் சமதரை. இங்கே அரையடி வித்தியாசம் ஒரு தெருவை மூழ்கடித்து அடுத்ததைக் காப்பாற்றிவிடும். செயற்கைக்கோள் தரும் உயர அளவுகளில் சில மீட்டர் பிழை சகஜம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றியே ஜனங்கள் வாதாடினார்கள். ஆனால் ஆதனூர், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் அதே ஆற்றில் வந்து சேர்ந்தது. எந்த நீர் எந்தத் தெருவை எவ்வளவு நனைத்தது என்று நடுநிலையோடு பிரித்துச் சொல்ல நல்ல கணக்கு ஒன்றால்தான் முடியும்.

அந்த வெள்ளத்துக்குப் பின்னர் ஐ.ஐ.டி.க்களின் துணையோடு சென்னைக்கென வெள்ள எச்சரிக்கை முறை ஒன்று உருவானது மெச்சத்தக்கதே. ஆனால் பல சாலைகளைப் பழைய தாரின்மேலேயே போட்டு உயர்த்துவதும், வாசல் பள்ளமாகிப்போன வீட்டுக்காரர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கி நிறுத்துவதுமாக இருக்கும் ஊரில், சில வருஷங்களுக்கு முந்தைய நில அளவு வேறோர் ஊரின் அளவேயாகும். கணிப்பொறிக்குச் செலவிட நாம் தயங்குவதில்லை. அதன் கணக்கைச் சரிபார்க்கும் பிரத்தியட்சச் சான்றான சுவர் நீர்க்கறையைத்தான் வருஷந்தோறும் சுண்ணாம்பில் மறைத்துவிடுகிறோம்.

வெள்ளம் வடிந்ததும் மாநகராட்சிப் பொறியாளர் வார்டு வார்டாகச் சென்று, சுவர்களில் படிந்த நீர்க்கறையைக் கடல்மட்டத்தோடு இணைத்து அளந்து, யாவரும் பார்க்க வெளியிடவேண்டும். மட்டக்கருவியும் ஆட்களும் இலாகாவில் உண்டு. டிசம்பர் வெள்ளத்துக்கும் பொங்கல் வெள்ளையடிப்புக்கும் நடுவே சில வாரங்கள் அவகாசமும் உண்டு.