முத்திரையைக் காட்டாத கத்தி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்டு என்ற ஊரில் தயாராகும் கேஸ் மடக்குக் கத்திகளைச் சேகரிப்பவர்கள் ஏராளம். இணைய ஏலத்தில் பழைய கேஸ் கத்தி வாங்க நினைப்பவர் விற்பவரின் வர்ணனையை நம்பவே வேண்டாம். பிளேடின் அடியில், கைப்பிடியை ஒட்டிக் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்த்தால் போதும். 1970-இல் நிறுவனத்தின் பெயருக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். அந்த வரிசையில் நான்கு புள்ளி என்றால் 1976. இன்னொரு பிளேடில் 6254 என்று இருந்தால், 6 எலும்புக் கைப்பிடியையும் 2 இரண்டு பிளேடுகளையும் குறிக்கும். 54 அந்த வடிவத்தின் எண். இவ்வளவு நேர்த்தியான கணக்கு எல்லாப் பழம்பொருளுக்கும் வாய்க்காது. ஏமாற்றும் அங்கேதான் நடக்கிறது. எல்லாப் புள்ளிகளையும் உரசி அழித்துவிட்டால், புள்ளி வைக்கத் தொடங்குவதற்கு முந்தைய கத்தி போலத் தோன்றும்; கத்திக்குச் சில ஆண்டுகள் வயது கூடிவிடும், விலையும் ஏறிவிடும். உரசிய இடம் மட்டும் சற்றே பள்ளமாக, பக்கத்து இரும்பைவிடப் பளபளப்பாக இருக்கும். எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும். அதனால் எல்லா பிளேடுகளின் அடியையும், இரண்டு பக்கமும், கிட்டத்தில் எடுத்த படமாகக் கேளுங்கள். கைப்பிடியின் ஆணித் தலைகளையும் கேளுங்கள். பழைய எலும்பில் புதிய ஆணி மினுங்கினால் யாரோ கத்தியைப் பிரித்து பிளேடு மாற்றியிருக்கலாம். மெருகேற்றிப் பளிச்சென்று காட்டும் கத்தியைவிட, கறுத்து, தீட்டித் தேயாத கத்திக்கே நான் அதிக விலை தருவேன். படம் அனுப்ப மறுப்பவரிடம் ஏலம் கேட்பதையே விட்டுவிடலாம்.